பிள்ளையின் பங்கு



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மேடையில் ஜீவனாம்சத்தைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். வேண்டும் என்பதே என் கருத்து. நம் பிள்ளைகளின் படிப்பு பாதியில் நின்றுபோவதற்கு வறுமை ஒரு காரணம். தாயும் தந்தையும் பிரிந்தபின், பிள்ளையின் செலவு யாருடையது என்பது தீராமற் கிடப்பது மற்றொரு காரணம். முன்னதைப் பற்றி இருபத்தைந்து ஆண்டுகளாகப் பேசி வந்திருக்கிறோம். பின்னதை மட்டும், 'அது அவர்கள் வீட்டு விவகாரம்' என்று ஒதுக்கி வைத்துவிட்டோம்.

நாம் கூடியிருக்கும் இத்திருப்புட்குழியின் பெயரை எண்ணிப் பாருங்கள். புள் என்றால் பறவை. சடாயுவுக்கு இராமன் ஈமக்கடன் செய்த இடம் இது என்று தலபுராணம் கூறும். தன்னைப் பெறாத ஒருவருக்கு மகனுடைய கடனைச் செய்தான் என்பது கதை. கதையை நம்புவோரும் நம்பாதோரும் இங்கே இருக்கிறீர்கள். இருசாராரையும் ஒன்று கேட்கிறேன்: பெறாதவருக்கே கடன் உண்டென்றால், பெற்ற பிள்ளைக்கு நாம் பட்ட கடன் எவ்வளவு?

இந்தக் கடனைச் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இந்துச் சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியது கண்டு அண்ணல் அம்பேத்கர் 1951 செப்டம்பர் 27-இல் அமைச்சர் பதவியைத் துறந்தார். அம்மசோதா பின்னர்ப் பகுதி பகுதியாக நிறைவேறியது. அவற்றுள் ஒன்றான இந்து மகவேற்பு மற்றும் பராமரிப்புச் சட்டம் 1956 டிசம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்தது. அண்ணல் மறைந்து பதினைந்து நாள்களே ஆகியிருந்தன. அச்சட்டம் பராமரிப்பு என்பதற்குச் சொல்லும் பொருள் ஐந்து: உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம். கல்வி அதில் வேண்டினால் சேர்க்கும் இணைப்பு அன்று. சோற்றோடு சேர்த்து எண்ணப்பட்டது. பௌத்தம் தழுவியோருக்கும் அச்சட்டம் உரியது. நம் கிறித்தவச் சகோதரர் உள்ளிட்ட எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகத் தொடர்கிறது.

அந்த 125-ஆம் பிரிவில் மாதம் ஐந்நூறு ரூபாய் என்று ஓர் உச்சவரம்பு முன்பு இருந்தது. அது குடும்பம் முழுமைக்குமா, ஆளுக்கா என்ற கேள்வி 1978-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. ஆளுக்குத்தான் என்று நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பளித்தார். பிள்ளைக்கெனத் தனிப் பங்கு உண்டு. அது தாயின் பங்குக்குள் கரைந்துபோவதன்று என்பதே நாம் கொள்ளவேண்டிய பாடம். அந்த வரம்பும் 2001-இல் நீக்கப்பட்டது.

இனி, அப்பங்கில் எவையெல்லாம் அடங்கும்? 'மாதம் ஒரு மூட்டை அரிசி போடுகிறேனே, போதாதா?' என்று கேட்கும் தந்தையர் நம்மிடையே உண்டு. போதாது. பிள்ளை குடியிருக்கும் வீட்டின் வாடகையில் பிள்ளைக்கும் பங்குண்டு. விளக்குக் கட்டணத்தில் பங்குண்டு. காய்ச்சலுக்கு மருந்து, கண்ணுக்குக் கண்ணாடி, வளர வளர மாறும் செருப்பும் உடையும் கணக்கில் வரவேண்டும். 2020 நவம்பர் 4-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா என்னும் வழக்கில் உச்சநீதிமன்றம் இதனைத் தெளிவாக்கியது. பிள்ளையின் செலவில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு தனிப்பயிற்சி வகுப்பும் தொழிற்பயிற்சியும் சேரலாம் என்றது. தாயும் போதிய அளவு சம்பாதிப்பவராயின், கல்விச் செலவை இருவரும் வருவாய்க்கு ஏற்பப் பகிரலாம் என்றும் கூறியது.

இங்கே ஒரு வாதம் எழும். 'அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, புத்தகம் இலவசம், மதிய உணவு இலவசம், ஆதிதிராவிடர் விடுதி இருக்கிறது, உதவித்தொகை வருகிறது. நான் எதற்குப் பணம் தரவேண்டும்?' நண்பர்களே, இந்த வாதம்தான் நம்மை வெகுவாகக் கெடுக்கிறது. 1982-இல் சத்துணவுத் திட்டமும், 2022-இல் காலை உணவுத் திட்டமும், அதே ஆண்டில் கல்லூரி மாணவியருக்கான புதுமைப் பெண் திட்டமும் தொடங்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் படிப்பு மறுக்கப்பட்ட வீட்டிலிருந்து ஒரு பிள்ளை மேலே ஏறிவருவதற்காகத் தரப்படும் கைத்தடி அவை. தந்தை தம் சுமையை இறக்கிவைப்பதற்கான சுமைதாங்கிக் கல் அல்ல. அரசு ஒரு படி ஏற்றினால் பெற்றோர் மறுபடி ஏற்றவேண்டும். அரசு தந்ததைத் தந்தை தம் பங்கில் கழித்துக்கொண்டால், பிள்ளை நின்ற இடத்திலேயே நிற்கும்.

பகிர்வது எப்படி? ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரகடத்துத் தொழிற்சாலையில் தந்தைக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தாய்க்கு 9,000 ரூபாய். பிள்ளையின் செலவு 6,000 ரூபாய். ஆளுக்குப் பாதி என்றால் தாய் தம் வருவாயில் மூன்றில் ஒரு பங்கை இழப்பார். தந்தை ஆறில் ஒரு பங்கைத்தான் தருவார். வருவாய்க்கு ஏற்பப் பிரித்தால் தந்தை 4,000, தாய் 2,000 என்று ஆகும். அத்துடன் விடியற்காலையில் எழுந்து சமைப்பதும், காய்ச்சலில் இரவெல்லாம் கண்விழிப்பதும் தாயின் கணக்கில் ரூபாயாக ஏறாத வரவுகள். தந்தையே பிள்ளையை வளர்த்து, தாய் வேறிடத்தில் சம்பாதிப்பாரானால் இதே நியாயம் தாய்க்கும் பொருந்தும். 1956-ஆம் ஆண்டுச் சட்டம் இக்கடனை இருவர்மீதும் வைத்திருக்கிறது.

இன்னும் ஒன்று. 'பிள்ளையைக் காட்டினால்தான் பணம்' என்று தந்தை சொல்வதும், 'பணம் தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவேன்' என்று தாய் சொல்வதும் ஒரே தவற்றின் இரு முகங்கள். பிள்ளை பண்டமாற்றுப் பொருள் அன்று. தந்தையைக் காண்பதும் பிள்ளையின் உரிமை. தந்தையிடம் செலவு பெறுவதும் பிள்ளையின் உரிமை. ஒன்றுக்கு ஒன்று விலையாகாது. அவ்வாறே, ஊர்ப் பஞ்சாயத்தில் ஒரு தொகையை மொத்தமாகக் கொடுத்து, 'இனிப் பிள்ளைக்கும் எனக்கும் தொடர்பில்லை' என்று எழுதி வாங்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். தாய் கையெழுத்திட்டாலும் பிள்ளையின் உரிமை அழியாது. பெற்றோரின் திருமணம் செல்லுமா என்ற வழக்காலும் அது அழியாது.

சட்டத்தில் ஒரு குறையும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. மகனுக்குப் பதினெட்டு வயது நிறைந்தால் இச்சட்டங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவனுக்கே 144-ஆம் பிரிவு நீளும். மணமாகாத மகளுக்கு மட்டும் 1956-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு மேலும் துணைநிற்கிறது. நம் மகனோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாயிலில் நிற்பது அந்த வயதில்தான்! ஆகவே பிரிவின்போது உடன்பாடு எழுதுவோர், 'பட்டமோ தொழிற்படிப்போ முடியும் வரை' என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் தொகை எவ்வளவு கூடும் என்பதையும், திடீர் மருத்துவச் செலவை யார் எவ்வளவு ஏற்பது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வழக்குத்தான் வழி என்றால் அஞ்சவேண்டாம். பட்டியல் சாதியினருக்கும், பெண்களுக்கும், குழந்தைகளுக்கும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின்படி, வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. இருதரப்பாரும் தம் வருவாயையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். தொகை மனுச் செய்த நாளிலிருந்தே கணக்கிடப்படும் என்பதும் நான் முன்சொன்ன 2020-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அடங்கியவை. 144-ஆம் பிரிவின்கீழ்ப் பெற்ற ஆணையின்படி பணம் வராவிட்டால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் வசூல் மனுச் செய்யவேண்டும், இதனை மறவாதீர்கள். தருபவரும் வங்கி வழியாகவே தருக. அது அவருக்கும் காப்பு.

இளைஞர்களே! நம் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டணம் கட்டியும் புத்தகம் கொடுத்தும் பிள்ளைகளைக் கைதூக்கி வந்தது. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு ஒரு பணியைக் கூட்டிக்கொள்வோம். பெற்றோர் பிரிந்த வீடு எது என்று வம்பு பேசுவதை விட்டு, அவ்வீட்டுப் பிள்ளை நாளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்போம். போகவில்லையென்றால் தாயோடு அமர்ந்து ஒரு தாளில் பிள்ளையின் செலவை வரிவரியாக எழுதுவோம். அந்தத் தாளை எடுத்துச் சென்று தந்தையிடம் மரியாதையோடு பேசுவோம். பேச்சுக்கு இணங்காவிட்டால் நீதிமன்றப் படி ஏறவும் உடன் செல்வோம். கணவன் மனைவி என்னும் உறவு அறுந்து போகலாம். தாய் தந்தை என்னும் உறவு அறுவதில்லை.