ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு நாள் கூலி



கத்தோலிக்க ஆலயங்களில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு சுற்றாக வருகின்றன. 1972-ஆம் ஆண்டில் உருவான நமது மலாக்கா - ஜொகூர் மறைமாவட்டத்திலும் அதே வாசகங்கள்தாம். அந்தச் சுற்றின் முதல் ஆண்டில், பொதுக்காலம் 25-ஆம் ஞாயிறன்று, மத்தேயு நற்செய்தி 20-ஆம் அதிகாரத்திலிருந்து ஓர் உவமை வாசிக்கப்படுகிறது. திராட்சைத் தோட்ட வேலையாட்களின் கதை அது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பழகிய நமக்கு அந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் சந்தைக்குப் போகிறார். நாளொன்றுக்கு ஒரு தெனாரியம் என்று பேசி ஆட்களை அமர்த்துகிறார். காலை ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், பிற்பகல் மூன்று மணிக்கும் போய் மேலும் சிலரை அழைத்து வருகிறார். மாலை ஐந்து மணிக்குப் போகும்போதும் சிலர் வெறுமனே நிற்கிறார்கள். ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்டால், எங்களை யாரும் வேலைக்கு அழைக்கவில்லை என்கிறார்கள். அவர்களையும் அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கூலி கொடுக்கிறார்கள். ஐந்து மணிக்கு வந்தவனுக்கும் ஒரு தெனாரியம்; விடியற்காலையில் வந்தவனுக்கும் ஒரு தெனாரியம். முதலில் வந்தவர்கள் முணுமுணுக்கிறார்கள்.

உண்மையைச் சொன்னால், நாமும் அவர்களோடு சேர்ந்து முணுமுணுத்திருப்போம். நாள் முழுவதும் வெயிலில் காய்ந்தவனும் ஒரு மணி நேரம் வேலை செய்தவனும் ஒன்றா என்று கேட்டிருப்போம். ஆகவே இந்த உவமையை அவசரப்படாமல் பார்க்க வேண்டும்.

முதலாவது, விடியற்காலையில் வந்தவனுக்குப் பேசிய கூலியில் ஒரு காசும் குறையவில்லை. அவன் பங்கை வெட்டிக் கடைசி ஆளுக்குத் தோட்டக்காரர் கொடுக்கவில்லை. தம் கையிலிருந்து கொடுத்தார். எனவே, "கூலியைக் கேட்காதே, பொறுத்துக்கொள்" என்று தொழிலாளிக்குச் சொல்ல இந்த உவமையை யாரும் எடுத்துக்காட்ட முடியாது. ஏழைக் கூலியாளின் கூலியைப் பொழுது சாயுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது பழைய ஏற்பாட்டில், இணைச்சட்ட நூலில், உள்ள கட்டளை. கூலி என்பது தொழிலாளி சிக்கனமாகவும் நேர்மையாகவும் வாழப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டிலேயே சுற்றுமடல் எழுதினார்.

இரண்டாவது, ஒரு தெனாரியம் என்பது அக்காலத்தில் ஒரு நாள் கூலி. ஒரு குடும்பத்தின் அன்றைய உணவு அதில் அடங்கியிருந்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கைக் கொண்டுபோனால் வீட்டில் அடுப்பு எரியுமா? கடைசி ஆளின் வேலை ஒரு மணி நேரந்தான். ஆனால் அவன் பிள்ளைகளின் பசி முழு நாள் பசி. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லையேல் கூலி இல்லை என்று இருந்த காலத்தை அறிந்த நம் பெரியவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

மூன்றாவது, கூலி கொடுக்க அந்தத் தோட்டக்காரரிடம் ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். ஆயினும் ஆள் தேட அவரை அனுப்பவில்லை. ஐந்து முறையும் தாமே போனார். நம் தோட்டங்களின் வரலாற்றில் ஆள் பிடிக்கக் கங்காணிதான் போனார், துரை போனதில்லை. வேலையில்லாமல் நிற்பவனைத் தேடித் தாமே நடந்து வருகிறவர் கடவுள் என்கிறார் இயேசு.

யாரும் அழைக்காமல் நின்ற நாள் நமக்கும் இருந்தது. 1920-களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் நாட்கூலியாக இருந்தன. 1930-இல் ரப்பர் விலை விழுந்தது. கூலி குறைந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கப்பலேற்றித் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அவர்கள் சோம்பேறிகள் அல்லர்; அவர்களை அழைக்க ஆளில்லை.

இன்று ஜொகூரில், குளுவாங், ரெங்கம், லாபிஸ் வட்டாரங்களில் ரப்பர் இருந்த நிலங்களில் செம்பனை நிற்கிறது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. நம்மில் பலர் பட்டணத்துக்குப் போய்விட்டோம். செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். "நேற்று வந்தவனுக்கு நமக்குச் சமமான சம்பளமா?" என்ற பேச்சு நம் வீட்டு வாசலிலும் எழுவதுண்டு. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம், வீட்டுப் பணியாளர் நீங்கலாக, வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் உரியது. அதனால் நம் சம்பளத்தில் ஒரு சென்னும் குறைவதில்லை. மாறாக, அவனுக்குக் குறைத்துக் கொடுக்க முதலாளிக்கு வழி இருந்தால், நாளை நம் பிள்ளையின் சம்பளத்தையும் அதுவே கீழே இழுக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மாரும் ஒரு காலத்தில் இந்த மண்ணுக்குப் புதியவர்களே.

உவமையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கூலியைக் கடைசி ஆளிலிருந்து கொடுக்கச் சொன்னார் தோட்டக்காரர். முதலில் வந்தவர்களுக்கு முதலில் கொடுத்திருந்தால், அவர்கள் மகிழ்ச்சியோடு வீடு போயிருப்பார்கள். சண்டையே இல்லை. மற்றவன் கையில் விழுந்த காசைப் பார்த்தபோதுதான் தங்கள் கையிலிருந்த காசு அவர்களுக்குக் கசந்தது. ஆகவே இந்த உவமை கூலியைப் பற்றி மட்டும் பேசவில்லை. நம் கண்ணைப் பற்றியும் பேசுகிறது.

நேயர்களே, நமக்கு உரியதை நாம் கேட்டு வாங்குவோம், அது நீதி. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் அடுத்த நாட்டிலிருந்து வந்தவனுக்கும் வயிறு நிறையக் கிடைக்கும்போது முகம் சுளிக்காதிருப்போம், அது விசுவாசம். இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்க முடியும். அடுத்த சம்பள நாளில் இதைப் பற்றிக் குடும்பத்தோடு பேசிப் பாருங்கள்.