ஆலைக்குச் சங்கம் வைத்தோம், வாடகைக்கு எங்கே?

 

பிளாட்பாரத்தில் குடும்பத்தோடு படுத்திருப்பவரைப் பார்த்தால் ஊர் என்ன சொல்கிறது? குடிகாரன், சோம்பேறி, எங்கிருந்தோ வந்தவன். சென்னையில் வால்டாக்ஸ் சாலைக்கும் என்.எஸ்.சி. போஸ் சாலைக்கும் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். எழுந்து மூட்டை தூக்கப் போகிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைக்குத் தலை சீவி பள்ளிக்கூடம் அனுப்புகிறார்கள். உழைப்பு இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, வீடு மட்டும் இல்லை. ஏன் இல்லை?

ஒரு கணக்கு போடுவோம். வடசென்னையின் இந்த டோல்கேட்டில் ஒற்றைப் படுக்கையறைப் போர்ஷன் ஒன்று, வாடகை 8,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் ஐந்து மாதம் என்றால் 40,000. புரோக்கருக்கு ஒரு மாதம், 8,000. முதல் மாத வாடகை 8,000. ஆக மொத்தம் 56,000 ரூபாய், வண்டிக் கூலி தனி. பழைய வீட்டு அட்வான்ஸ் வருமே என்பீர்கள். பெயின்ட் அடிக்க ஒரு மாதம், பாக்கி கரன்ட் பில், குழாய் ரிப்பேர் என்று கழித்துக்கொண்டு, மீதியை "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்பார்கள். மாதா மாதம் 8,000 கட்டத் தெம்பு உள்ளவருக்கும் ஒரே நாளில் 56,000 புரட்டத் தெம்பு இல்லை. கந்துவட்டிக்கு வாங்குகிறார். அல்லது மச்சான் வீட்டில் ஒண்டுகிறார். அங்கே எத்தனை நாள் ஒண்ட முடியும்? தெருவுக்கு வருகிற வழி இதுதான். அது பிளாட்பாரத்தில் தொடங்கவில்லை, "அடுத்த மாசம் காலி பண்ணுங்க" என்கிற சொல்லில் தொடங்குகிறது.

அந்தச் சொல் இப்போது அடிக்கடி கேட்கிறது. 2021 பிப்ரவரி 14 அன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. நல்லது, நாம் கேட்ட ரயில்தான். ஆனால் ரயில் வந்ததும் டு-லெட் போர்டில் 'மெட்ரோ அருகில்' என்று ஒரு வரி கூடியது, அந்த வரிக்கும் சேர்த்து வாடகை ஏறியது. இன்னொரு பக்கம் கம்பெனிகளில் நிரந்தர வேலை சுருங்கி கான்ட்ராக்ட் கூலி வந்தது. சம்பளம் கான்ட்ராக்டர் வைத்தது, வாடகை சந்தை வைத்தது. இரண்டுக்கும் நடுவில் நசுங்குகிறவன் தொழிலாளி.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் நியாய வாடகையை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடிந்தது. அதை எடுத்துவிட்டு 2017இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2019 பிப்ரவரி 22 முதல் அதுதான் நடைமுறை. இனி வாடகை என்பது இருவரும் பேசி எழுதிக்கொள்வது. பசியோடு நிற்பவனும் சோற்றுப் பானையைப் பிடித்திருப்பவனும் சமமாகப் பேசுவார்களாம்!

அந்தச் சட்டத்திலும் நமக்குச் சில உரிமைகள் உண்டு. மாறாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைதான் முன்பணத்தின் வரம்பு என்கிறது. தண்ணீரையோ கரன்டையோ நிறுத்தி ஆளைத் துரத்தக் கூடாது என்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிறது. பதியச் சொல்லிக் கேட்டால் வீட்டுக்காரர் வேறு ஆள் பார்க்கிறார். கேட்காமல் இருந்தாலோ, ஒப்பந்தம் செய்யத் தவறியதே வெளியேற்ற ஒரு காரணம் என்று 21ஆவது பிரிவு சொல்கிறது. கேட்டாலும் காலி, கேட்காவிட்டாலும் காலி!

"வீட்டுக்காரர்கள் எல்லாம் பணக்காரர்களா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை. ரிட்டையர் ஆன பணத்தில் மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்து வாங்குகிற அம்மாவும் இந்தத் தெருக்களில் இருக்கிறார். அவரோடு நமக்குப் பகை இல்லை. நம் வழக்கு அரசாங்கத்தோடு. அரசு ஊழியருக்கு வாடகைக் குடியிருப்பு கட்டத் தெரிகிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தோழி விடுதி கட்டத் தெரிகிறது, வரவேற்கிறோம். கான்ட்ராக்ட் தொழிலாளியின் குடும்பத்துக்கு ஏன் தெரியவில்லை?

ஏழைகளுக்கு வீடு கட்ட 1970இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் 2021இல் பெயர் மாறியது. அதே ஆண்டு டிசம்பர் 27 அன்று, இதோ பக்கத்தில் திருவொற்றியூர் அரிவாக்குளத்தில், வாரியம் கட்டிய 24 வீடுகள் கொண்ட கட்டடம் இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு முன்னதாகவே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. இப்படி இடியும்போதும் இடிக்கும்போதும் மாற்று வீடு யாருக்கு? ஒதுக்கீட்டு ஆணையில் பெயர் உள்ளவருக்கு. அங்கே வாடகைக்கு இருந்தவர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. பட்டியலில் வந்தவரையும் முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் பெரும்பாக்கத்தில் கொண்டு போய்ப் போட்டால், காசிமேட்டில் விடிவதற்குள் மீன் எடுக்கிற பெண் எந்த பஸ்ஸில் வருவார்?

வீடற்றவர்களுக்காக, நகரத்தில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஓர் இரவுக் காப்பகம் வேண்டும் என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேண்டும்தான். ஆனால் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பிரித்துப் படுக்க வைக்கிற இடத்தில் குடித்தனம் நடத்த முடியாது.

இங்கிலாந்திலும் ஒரு 21ஆவது பிரிவு இருந்தது. 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தில், காரணமே சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸில் வெளியேற்றுகிற பிரிவு. எத்தனையோ குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய பிறகு, 2025இல் அதை ஒழிக்கச் சட்டம் போட்டார்கள். அதற்கும் முன்னால், 1915இல், கப்பல் கட்டும் ஊரான கிளாஸ்கோவில் போரைச் சாக்கிட்டு வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் தெருத் தெருவாக மக்களைத் திரட்டினார்கள். காலி செய்விக்க வந்த அதிகாரிகளை மறித்துத் திருப்பி அனுப்பினார்கள். சுமார் 20,000 குடும்பங்கள் ஏற்றிய வாடகையைத் தர மறுத்தன. கப்பல் பட்டறைத் தொழிலாளர்கள் துணைக்கு வந்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது!

நாம் என்ன, அவர்களுக்கு இளைத்தவர்களா? 1918இல் பின்னி ஆலைத் தொழிலாளிக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் கண்ட வடசென்னை இது. சம்பளத்துக்குச் சங்கம் வைத்தோம். அந்தச் சம்பளத்தில் பாதியைக் கொண்டுபோகிற வாடகைக்குச் சங்கம் வைக்கவில்லை.

நம் கோரிக்கை நான்கு. முன்பணம் மூன்று மாதத்தைத் தாண்டினால் அபராதம் போடு. ஒப்பந்தம் இல்லை என்பதற்காகக் குடித்தனக்காரரை வெளியேற்றும் பிரிவை நீக்கு. இடிக்கும் இடத்தில் வாடகைக்கு இருப்பவரையும் கணக்கெடுத்து வீடு கொடு. மூடிய ஆலைகளின் இடம் கோபுர அடுக்ககமாக மாறும் முன்பு, வடசென்னையிலேயே அரசு வாடகைக் குடியிருப்பு கட்டு.

கையெழுத்து மேசை மேடைக்கு இடப்பக்கம் இருக்கிறது. வீட்டுக்காரர் ஏதாவது சொல்வாரோ என்று தயங்குகிறவர் தனியாக வர வேண்டாம். பக்கத்துப் போர்ஷன், மேல் போர்ஷன், எதிர்வீடு என்று தெருவையே கூட்டிக்கொண்டு வாருங்கள். ஒருவரைக் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை போதும். தெருவையே காலி செய்யச் சொல்ல யாருக்கும் வாய் வராது.