ரேஷன் காலத்து அடுக்களை

(பெங்களூரில் நடைபெற்ற மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



சிக்கனச் சமையல் பற்றிப் பேசும்படி பணித்திருக்கிறார்கள். பெங்களூரில் அதைப் பேசுவதென்றால் ரவா இட்லியில்தான் ஆரம்பிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில், 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடித்தனர். பர்மாவிலிருந்து ஆண்டுதோறும் பத்து லட்சம் டன்னுக்கு மேல் வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோயிற்று. அரிசி இல்லாமல் இட்லி ஏது? 1924-இல் தொடங்கப்பட்ட நம்மூர் எம்.டி.ஆர். உணவகத்தில், ரவையைத் தயிரில் கலந்து ஆவியில் வேகவைத்துப் பார்த்தார்கள். அப்படிப் பிறந்ததே ரவா இட்லி என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. தட்டுப்பாட்டில் பிறந்த பண்டத்தை இன்று நாம் ஆசைக்குச் சாப்பிடுகிறோம்.

வீடுகளின் கதை வேறு. 1943 மே மாதம் பம்பாயில் உணவு ரேஷன் வந்தது. பிறகு மற்ற நகரங்களுக்கும் பரவியது. என் தாயார் அப்போது கல்யாணமாகிப் புக்ககம் வந்த புதிது. ரேஷன் அரிசியில் கல்லும் நெல்லும் பொறுக்கவே பாதிப் பொழுது போகுமாம். ராத்திரிக்குக் கேழ்வரகுக் களி அல்லது கோதுமைக் கஞ்சி. காய்கறியில் குப்பைக்கு எதுவும் போகாது. வாழைக்காய்த் தோல் பொரியலாகும். பீர்க்கங்காய்த் தோலை நல்லெண்ணெயில் சுருள வதக்கி, வறுத்த உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், துளி புளி, பெருங்காயம், உப்பு சேர்த்து அரைத்தால் துவையல். இன்றும் எங்காத்தில் இது உண்டு. செய்து பாருங்கள்.

அம்மாவுக்கு எழுபது வயது தாண்டியபின் ஒருநாள், நான் சாதம் வடித்த கஞ்சியைத் தொட்டியில் கொட்டினேன். பார்த்துக்கொண்டிருந்தவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த நாள்ல எல்லாரும் சாப்பிட்டப்புறம் பானையிலே என்ன மிச்சமோ அதுதான் எனக்கு. சில நாள் ஒண்ணும் மிஞ்சாது. வடிச்ச கஞ்சியிலே மோரும் உப்பும் விட்டுக் குடிச்சுட்டுப் படுத்துடுவேன். யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை." அந்த வீட்டின் சிக்கனத்தை எல்லோரும் புகழ்ந்து நான் கேட்டிருக்கிறேன். அது யார் வயிற்றில் நடந்தது என்பது அன்றுதான் தெரிந்தது.

அதே 1943-இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். கல்கத்தாவுக்கு நடந்தே வந்த கிராமத்து ஜனங்கள் வீட்டு வாசல்களில் நின்று சோறுகூடக் கேட்கவில்லை. வடித்த கஞ்சியைத்தான் கேட்டார்கள். இருபது முதல் முப்பது லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கணக்கு. சிறுவனாக அதை நேரில் பார்த்த அமர்த்தியா சென், தானியம் குறைந்ததைவிட, இருந்த தானியம் ஏழைகளின் கைக்கு எட்டாமல் போனதே பெரிய காரணம் என்று 1981-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

ரேஷன் என்பதைத் தமிழில் பங்கீடு என்கிறோம். எவ்வளவு அழகான சொல்! ஆனால் பங்கீட்டு அட்டை வீட்டு வாசல்வரைதான் வந்தது. அடுக்களைக்குள் பங்கீடு நடக்கவில்லை.

ஆகவே, பல ஊர்களிலும் இருக்கும் நம் அங்கத்தினர்களுக்கு இரண்டு விண்ணப்பங்கள். விசேஷங்களில் கேட்டுக் கேட்டுக் கொஞ்சமாகப் பரிமாறுங்கள். இலையில் மிச்சம் வைத்து மூடுவது மரியாதை ஆகாது. இரண்டாவது, வீட்டில் சமைத்தவர் சாப்பிட்டாரா என்று விசாரியுங்கள். இல்லையெனில் அவருக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டு உட்காருங்கள். பண்டத்தை வீணாக்காதது சிக்கனம். ஒருத்தியைப் பட்டினி போடுவதற்கு அந்தப் பெயர் வேண்டாம்.