வெளிமானைத் தேடி ஒரு சைக்கிள் பயணம்

(முன்னாள் மாணவர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



மாணவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். முப்பத்தைந்து வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன் நான். வட்டிக் கணக்கைப் பற்றிப் பேசினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் இந்தக் கல்லூரியில் படித்தபோது நான் செய்த ஒரு தப்பைப் பற்றிப் பேசப் போகிறேன்.

1988-ஆம் வருஷம், தைப் பொங்கல் விடுமுறை. வல்லநாட்டில் மான்களுக்காகச் சரணாலயம் அமைத்திருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தோம். அரசு அதை அறிவித்தது 1987-இல். விடுதி நண்பர்கள் நாலு பேர், சைக்கிளிலேயே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டோம். நாலும் வாடகை சைக்கிள். கடைக்காரரிடம் சாத்தூர் வரைக்கும் என்று சொல்லித்தான் எடுத்தோம். விருதுநகரிலிருந்து வல்லநாடு சுமார் 120 கிலோமீட்டர். உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் சைக்கிள் தந்திருக்கமாட்டார்.

வழியைச் சொல்லிவிடுகிறேன், போக நினைப்பவர்களுக்கு உதவும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி. அங்கிருந்து கடம்பூர், மணியாச்சி என்று ரயில் பாதையை ஒட்டிய ஊர்களாகப் பிடித்து, வழி கேட்டுக் கேட்டு வல்லநாடு. சாத்தூரில் சேவு, கோவில்பட்டியில் கடலைமிட்டாய், கடம்பூரில் போளி. பயணத்துக்கு வேறு சாப்பாடே தேவைப்படவில்லை. மணியாச்சி ஸ்டேஷனைப் பார்த்ததும் இறங்கி நின்றோம். 1911-இல் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்ட இடம் அல்லவா? ஓர் இரவு வழியில் ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தோம். சீமைக் கருவேல முள் குத்தி மொத்தம் ஐந்து பஞ்சர்.

பஸ்ஸில் போகும்போது இந்தக் கரிசல் பூமி வெறும் பொட்டலாகத்தான் தெரியும். சைக்கிளில் போனால் வேறு மாதிரி. ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து தை மாதத்தில் புல் முழங்கால் உயரம் நிற்கும். வானம்பாடி மேலே ஏறிக் கத்தும். கௌதாரி சக்கரத்துக்கு முன்னால் குறுக்கே ஓடும். ஆள்காட்டி, ஊருக்கே நம்மைக் காட்டிக் கொடுக்கும். இவற்றில் பலவும் தரையிலேயே முட்டையிடுகிற பறவைகள். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

வல்லநாடு ஒரு தனி மலை. முட்புதர்க் காடு. மொத்தப் பரப்பே சுமார் 16 சதுர கிலோமீட்டர்தான். மலையடிவாரத்தில் புல்வெளி. இயற்கையாக வெளிமான் வாழும் இடங்களில் இந்தியாவின் தென்கோடியில் இருப்பது இதுதான். ஆண் மானுக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை, கொம்பு முறுக்கிவிட்டதுபோல் இருக்கும். அதனால் திருகுமான் என்றும் சொல்வார்கள். சங்க நூல்களில் இரலை என்று வருவதும் இதுதான் என்பார்கள். பெயரிலேயே ‘வெளி’ இருக்கிறது பாருங்கள். இது அடர்ந்த காட்டில் வாழும் மான் அல்ல. கண்ணுக்கெட்டிய தூரம் திறந்து கிடக்கும் புல்வெளிதான் இதற்குப் பாதுகாப்பு. பகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்! ஒரு காலத்தில் இதை வேட்டையாடிய சிவிங்கிப்புலி 1952-இல் நம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. துரத்தியது போய்விட்டது, ஓடுகிற கால் மட்டும் மிச்சம் இருக்கிறது. (மத்தியப் பிரதேசத்துக் குனோவில் 2022 முதல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகளைக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள்.)

காலை வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு மான்கள் தெரிந்தன. எங்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும் என்பதெல்லாம் யாருக்குத் தெரியும்? ‘யார் முதல்ல பிடிக்கிறது பார்ப்போம்டா’ என்று ஒருவன் கத்தினான். தடத்தை விட்டு இறங்கி, பெல் அடித்துக்கொண்டு, நாலு சைக்கிளும் புல்லுக்குள் பாய்ந்தன. மான்கள் துள்ளித் துள்ளிப் போய்விட்டன. நான் மட்டும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஒரு குரல்.

“ஏலே, நிப்பாட்டுலே வண்டிய! காலுக்குக் கீழ பாருலே!”

ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர். பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரத்திலிருந்து இரண்டு முழத்தில், புல்லுக்குள் ஒரு மான்குட்டி. பிறந்து சில நாள்தான் இருக்கும். கழுத்தைத் தரையோடு நீட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. நான் இன்னும் ஒரு மிதி மிதித்திருந்தால் அதன் மேல் ஏறியிருப்பேன்.

பெரியவர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “பெருசுக ஓடும், நீங்க வெரட்டுவீய. குட்டி ஓடாது தம்பி. தாய் வார வரைக்கும் அப்படியேதான் கெடக்கும்.” பிறகு எங்களை ஒற்றையடிப் பாதை வழியாகக் கூட்டிக்கொண்டு போய் வெளியே விட்டார். அன்று பூராவும் நாங்கள் நாலு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஊர் திரும்பியதும் வாடகைக் கடைக்காரர் கொடுத்த வசவு தனிக் கதை.

பல வருஷம் கழித்து, வடக்கே வேலையாகப் போனபோது ராஜஸ்தானில் பரத்பூர் பூங்காவுக்குப் போயிருந்தேன். சுமார் 29 சதுர கிலோமீட்டர். ஏரியும் புல்வெளியும் கலந்த இடம். 1985-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அங்கே உள்ளே சைக்கிளில் போகலாம். வாசலிலேயே வாடகைக்குக் கிடைக்கிறது. மோட்டார் வண்டிகளை ஓரளவுக்கு மேல் விடுவதில்லை. ஆனால் சைக்கிளுக்கும் தடம் உண்டு, தடத்தை விட்டு இறங்கக்கூடாது. அதைப் பார்த்ததும் எனக்கு வல்லநாட்டுப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

அந்தப் பூங்காவில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1982-இல் அங்கே மாடு, எருமை மேய்க்கத் தடை போட்டார்கள். கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் உயிர்ச்சேதமே நடந்தது. பிறகு என்ன ஆயிற்று? பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் ஆராய்ந்து பார்த்தார்கள். மேய எருமை இல்லாததால் ஒருவகைப் புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பை மூடிவிட்டது, பறவைகளுக்குத்தான் நஷ்டம் என்று தெரிந்தது. ஆகவே புல்வெளியைக் காப்பாற்ற ஆடு மாட்டையும் மனிதனையும் அடியோடு விரட்டினால் போதும் என்று நினைப்பதும் சரியல்ல. மேய்ச்சல் மிஞ்சினாலும் கெடும், அறவே இல்லாவிட்டாலும் கெடும். அளவுதான் முக்கியம். அன்று அந்த மான்குட்டியைக் காப்பாற்றியதும் ஓர் ஆட்டுக்காரர்தானே?

சென்ற தை மாதம் மறுபடியும் வல்லநாடு போனேன். இந்தத் தடவை கியர் சைக்கிள், ஹெல்மெட், முன்கூட்டியே வாங்கிய அனுமதி. நாலு வழிச்சாலை வந்துவிட்டதால் அதைத் தவிர்த்து ஊர்ச்சாலையிலேயே போனேன். கயத்தாறு பக்கம் வானத்தில் காற்றாலைகள். கீழே பல இடங்களில் புல் இல்லை, சீமைக் கருவேலம்தான். அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2022-இல் அரசு, அயல் தாவரங்களுக்கென்று கொள்கையே வெளியிட்டது. ஆனால் வெட்டினால் மறுபடி துளிர்க்கிற மரம் அது, வேரோடு எடுத்தால்தான் உண்டு. புதர் மண்டினால் வெளிமானுக்குத் தூரப் பார்வை போய்விடும். வெளி இல்லாத இடத்தில் வெளிமான் எப்படி இருக்கும்?

இங்கேதான் நம் வட்டாரத்துக்காரர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத் தொழிலும் செழித்ததற்குக் காரணம் என்ன? 1923-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்று வந்த முயற்சி ஒரு பக்கம். மறு பக்கம் இந்த வறண்ட காற்று. ஈரமில்லாத காற்று என்பதை மூலதனமாக்கியவர்கள் நாம். அதே வறண்ட பூமியில் விளைகிற புல்லுக்கு மட்டும் ‘தரிசு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். மத்திய அரசு 2000 முதல் வெளியிட்டு வரும் தரிசுநில வரைபட நூலில், புதர் நிலங்களும் ஒரு தரிசு வகைதான். தரிசு என்று எழுதிவிட்டால் அங்கே எதையும் கட்டலாம், எதையும் நடலாம். பக்கத்திலே கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது, சுமார் 2,500 ஏக்கரில். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் அங்கே என்ன முட்டையிடுகிறது, என்ன குட்டி போடுகிறது என்று ஒரு தரம் நடந்து பார்த்துவிடுங்கள் என்கிறேன். சிவகாசிக் காலண்டர்களில் எத்தனையோ மான் படம் பார்த்திருக்கிறோம். எல்லாம் பச்சைக் காடும் அருவியுமாகத்தான் இருக்கும். பழுப்புப் புல்லில் நிற்கும் நம் ஊர் மானை ஒரு காலண்டரிலாவது போடக்கூடாதா? அச்சக முதலாளிகள் சிலர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால்தான் கேட்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருஷா வருஷம் தை மாதத்தில் ஒரு சைக்கிள் பயணம் ஏற்பாடு செய்யுங்கள். செலவில் ஒரு பங்கை எங்கள் வகுப்பு நண்பர்கள் ஏற்றுக்கொள்கிறோம். நான்கு நிபந்தனைகள். வனத்துறை அனுமதி முதலில். தடத்தை விட்டு ஒரு சக்கரமும் இறங்கக்கூடாது. பெல், பாட்டு, பட்டாசு எதுவும் கூடாது. புல்வெளி தொடங்கும் இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு, காவலர் சொல்கிற தூரத்தில் நின்று பாருங்கள். கூடவே, மான் வயலுக்குள் இறங்குவதால் பயிரை இழக்கும் விவசாயிகளிடமும் பத்து நிமிஷம் பேசிவிட்டு வாருங்கள். அவர்கள் பொறுத்துக்கொள்வதால்தான் அந்த மான் இன்னும் இருக்கிறது.

சென்ற தடவை அந்தப் பெரியவரைப் பற்றி விசாரித்தேன். பெயர் கேட்டு வைக்காததால் கண்டுபிடிக்க முடியவில்லை. மாணவர்களே, வழியில் உதவி செய்கிறவர்களின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவரிடம் சொல்லாத நன்றியை இந்த மேடையில் சொல்கிறேன்.