அம்பரும் மூக்கின் சாட்சியும்

மாலை விளக்கேற்றும் நேரத்தில் கொழும்பின் கொட்டாஞ்சேனைப் பக்கம் நடந்து செல்பவனுக்குக் கண்ணை மூடிக்கொண்டாலும் இடம் தெரிந்துவிடும். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலின் கருங்கல் மண்டபத்தில் தூபப் புகை எழும். புனித லூசியாள் பேராலயத்தில் தூபக் கலசம் அசையும். வீடுகளிலோ தணல்மீது சாம்பிராணி பொரியும். தூபத்துக்கு உதவும் குங்கிலியமும் குந்துருக்கமும் சாம்பிராணியும் மரங்கள் வடித்த பிசின்களே. பிசினைத் தணலில் இட்டு, எழும் வாசனையால் அதன் தரத்தை அறிவது இங்குள்ள இல்லத்தரசிகளுக்குக் கைவந்த கலை. புகை கண்ணைக் கரித்தால், கலப்படம் என்று அவர்கள் உடனே கண்டுகொள்வர்.

மணிமாலைகளாகக் கோக்கப்படும் அம்பரும் ஒரு மரப்பிசினே. ஆனால் அதன் வயது வேறு. பால்டிக் கடற்கரையில் கிடைக்கும் அம்பர் ஏறத்தாழ 4 கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களில் வடிந்தது. பர்மாவின் ஹூக்கோங் பள்ளத்தாக்கில் அகழ்ந்தெடுக்கப்படுவது ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டு பழைமையுடையது. மண்ணுள் நெடுங்காலம் கிடந்து, இறுகிக் கல்போலாகிவிட்ட பிசின் அது. தேய்த்தால் துரும்பை இழுக்கும் இயல்பினால் வடமொழியார் அதனைத் திருணமணி, அதாவது துரும்பு மணி, என்று அழைத்தனர்.

தமிழில் அம்பர் என்னும் ஒரே சொல் இரு பொருள்களுக்கு வழங்குவதால் இங்கே ஒரு மயக்கம் நேர்வதுண்டு. அத்தர் செய்வோர் போற்றும் அம்பர், எண்ணெய்த் திமிங்கிலத்தின் குடலில் உண்டாகிக் கரையில் ஒதுங்குவது. ஓர்க்கோலை என்பது அதன் பழந்தமிழ்ப் பெயர். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதன் வாணிபம் குற்றமாகும். இலங்கையிலும் அதனை விற்க முயன்றோர் கைதாகியுள்ளனர். இங்கே ஆராயப்படுவது அதுவன்று. மரம் தந்த அம்பரே.

அம்பரை முகர்ந்து அறியும் வழக்கம் மிகப் பழையது. இலங்கையைத் தப்ரபேன் என்ற பெயரால் விவரித்த உரோமானிய அறிஞர் பிளினி, தேய்த்த அம்பரில் பைன் மரத்தின் மணம் எழுவதைக் கூறி, அது மரத்திற் பிறந்தது என்பதற்கு அதனையே சான்றாகக் காட்டினார். அவர் மறைந்தது கி.பி. 79இல்.

வழக்கிலுள்ள சோதனைகள் இரண்டு. முதலாவது, மணியை உள்ளங்கையில் வைத்துச் சூடேறும்வரை விரைந்து தேய்த்து முகர்வது. மெல்லிய பிசின் மணம் வந்தால் நன்று. மணியே பிசுபிசுத்தால் ஐயுற வேண்டும். இரண்டாவது, ஊசியைச் சூடாக்கி, மணியின் துளைக்குள் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில் தொடுவது. மெய்யான அம்பராயின் தூபத்தை நினைவூட்டும் மணம் எழும். பால்டிக் அம்பரின் புகை நெஞ்சைச் சற்று உறுத்தவும் செய்யும். பேக்கலைட்டு காபொலிக்கு அமிலம்போல் நெடியடிக்கும். பாலின் புரதத்திலிருந்து செய்த போலி, தீய்ந்த பாலையும் மயிரையும் நினைவூட்டும். செலுலோயிட்டில் கற்பூர வாசனை வரும். செலுலோயிட்டு எளிதில் தீப்பற்றுவது. ஆகையால் ஊசிச் சோதனையை அடுப்பங்கரையில் விளையாட்டாகச் செய்தல் தகாது.

இவ்வளவும் அறிந்தபின் மூக்கையே நீதிபதியாக்கிவிடலாமா? அங்கேதான் இடர் இருக்கிறது. மூக்கு 'அன்று' என்று சொல்வதில் வல்லது. 'ஆம்' என்று சொல்வதில் அவ்வளவு வல்லதன்று. பிளாஸ்டிக்கை அது எளிதில் விலக்கிவிடும். ஆனால் கோபால் என்னும் இளம்பிசின் முன்வந்தால் தடுமாறும். கோபாலும் மரப்பிசினே, இன்னும் முதிராதது. ஊசி பட்டதும் அதுவும் நறுமணம் வீசும். சொல்லப்போனால் அம்பரைவிடத் தாராளமாகவே வீசும். இலங்கையிலேயே வளரும் ஹல் மரத்தின் தாவரவியற் பெயரில் 'கோபாலைத் தருவது' என்ற பொருளுடைய சொல் அமைந்திருக்கிறது. சிங்கள மக்கள் தும்மல என்று கூறிப் புகைக்கும் பிசின்களும் இக்கூட்டத்தைச் சேர்ந்தவையே. மணத்தை மட்டும் நம்பினால், தணலில் இடவேண்டியதைக் கழுத்தில் அணிய நேரிடும். உடைந்த அம்பர்த் துண்டுகளை உருக்கி அழுத்திச் செய்த மணியும் மெய்யான மணமே தரும். விலையோ முழு மணிக்குரியதன்று.

வெள்ளவத்தையில் ஒரு மூதாட்டியிடம் தாய்வழி வந்த மஞ்சள் மணிமாலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பேத்தியின் படிப்புச் செலவுக்காக அதனை விற்க எண்ணிச் செட்டியார் தெருவுக்குச் செல்கிறார். "ஊசி வைத்துப் பார்ப்போமா, அம்மா?" என்று ஒருவர் கேட்கிறார். மாலை மெய்யானதாயின், சோதனையே அதில் வடுவை உண்டாக்கும். பொய்யானதாயின், அருகில் எரியும் ஊதுவத்தியின் வாசனையே தீர்ப்பை மாற்றிவிடக்கூடும். அந்த மூதாட்டி இழப்பது ஒரு மணியை மட்டுமன்று.

ஆதலால் மூக்கோடு வேறு சாட்சிகளையும் அழைத்தல் வேண்டும். இனி உப்புக் கரையாது என்னும் அளவுக்கு உப்பிட்ட நீரில் உலோகம் சேராத மணியை இட்டால் அம்பர் மிதக்கும், பேக்கலைட்டு அமிழும். கோபாலும் மிதக்குமாதலால், மறைவான இடத்தில் ஒரு துளி மதுசாரம் இட்டுப் பார்ப்பர். கோபால் பிசுபிசுக்கும், அம்பர் பெரும்பாலும் மாறாது. இறுதித் தீர்ப்பு ஆய்வுக்கூடத்திற்கு உரியது. 1964இல் அமெரிக்க இரசாயனவியலாளர் கேட் பெக், செந்நிறக் கீழ்க்கதிர்களைக் கொண்டு பால்டிக் அம்பரின் தனி அடையாளத்தை வரைபடமாகக் காட்டினார். இன்றும் ஆய்வாளர் நம்புவது அந்த வழியையே. இலங்கையில் இரத்தினக்கல் பரிசோதனைக்கென 1993ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபை இருக்கிறது. பெருந்தொகை கைமாறுமுன், அங்கோ தகுதிபெற்ற வேறோர் ஆய்வுக்கூடத்திலோ விசாரித்தல் நலம்.

சாம்பிராணியைத் தெரிந்தெடுக்கும் கொட்டாஞ்சேனை மூக்கு பொய் சொல்வதில்லை. மணம் பிசினுடையது என்று அது சொன்னால் நம்பலாம். அந்தப் பிசின் நேற்று வடிந்ததா, கோடியாண்டு கடந்ததா என்று மட்டும் அதனிடம் கேட்கலாகாது.