சின்முத்திரையும் ஒரு ப்ரொடக்‌ஷன் தப்பும்

இன்னைக்கு முத்திரை பத்திப் பேசலாம். பரதநாட்டியத்துல வர்றது இல்ல, தியானத்துல உட்காரும்போது கையில பிடிக்கிறது.

ஒரு சாஃப்ட்வேர்காரன் இதை ஏன் பேசறேன்னு கேட்பீங்க. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி ஆன்-கால்ல இருந்தப்ப, டெஸ்ட் டேட்டாபேஸ்னு நினைச்சு ப்ரொடக்‌ஷன்ல ஒரு டேபிளையே அழிச்சுட்டேன். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு டெர்மினல் திறந்திருந்தது, தப்பானதுல தட்டிட்டேன். பேக்கப் இருந்ததால விடியறதுக்குள்ள டேட்டா எல்லாம் திரும்பி வந்துடுச்சு. என் தைரியம் மட்டும் வரல. அதுக்கப்புறம் எந்த கமாண்டா இருந்தாலும் எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி கை நடுங்கும்.

தியான ஆப் ஒண்ணு போட்டுப் பார்த்தேன். கண்ணை மூடினா அதே டெர்மினல்தான் வந்து நிக்கும். பத்து நிமிஷம் முடிஞ்சு மணி அடிக்கும்போதுதான், 'இவ்வளவு நேரம் எங்கடா இருந்தோம்'னு தோணும்.

பொங்கலுக்குக் கும்பகோணம் போயிருந்தப்ப, நான் உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்துட்டு பாட்டி கேட்டாங்க: "கண்ணை மூடிக்கிட்ட, சரி. கையை ஏன்டா அனாதையா விட்டுட்ட?" அந்த வியாழக்கிழமை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போய் தட்சிணாமூர்த்தியைக் காட்டி, "அவர் கையைப் பாரு"ன்னாங்க.

சிவன் கோயில்ல கருவறையோட தெற்குச் சுவர்ல பார்த்திருப்பீங்க. ஆலமரத்தடியில உட்கார்ந்து, சனகர் முதலான நாலு முனிவர்களுக்கு வாயே திறக்காம பாடம் நடத்துறார். வலது கையில கட்டைவிரல் நுனியும் ஆள்காட்டி விரல் நுனியும் தொட்டுக்கிட்டிருக்கும். அதுதான் சின்முத்திரை. கட்டைவிரல் இறைவன், ஆள்காட்டி விரல் உயிர், விலகி நிக்கிற மூணு விரலும் ஆணவம், கன்மம், மாயை என்பது சைவ சித்தாந்த விளக்கம். ஒரு கையில ஒரு தத்துவத்தையே மடிச்சு வச்சிருக்காங்க.

செய்யறது ரொம்ப எளிது. கையை முழங்கால் மேல, உள்ளங்கை மேல பார்க்கிற மாதிரி வைங்க. ரெண்டு விரல் நுனியும் தொடணும், அழுத்தக் கூடாது. நடுவுல ஒரு காகிதத்தைக் கசங்காம பிடிச்சிருக்கிற அளவு போதும். மத்த மூணு விரலும் விறைப்பில்லாம நீண்டிருக்கட்டும்.

இதுல எனக்குப் பிடிபட்ட விஷயம் என்னன்னா, மனசு நழுவும்போது விரலும் நழுவுது. தூக்கம் வந்தா பிரியும், டென்ஷன் ஏறினா நகம் வெளுக்கிற அளவு அழுத்தும். ஜப்பான் ஜென் மரபுல இதையே வேற மாதிரி வச்சிருக்காங்க. ஒரு உள்ளங்கை மேல இன்னொண்ணு, கட்டைவிரல் நுனி ரெண்டும் லேசா தொடணும். அசந்தா கட்டைவிரல்கள் பள்ளமா சரியும், இறுக்கமா இருந்தா மலை மாதிரி மேல எழும்பும். உங்க நிலைமையை உங்க கையே காட்டிக் கொடுத்துடும்.

நான் ஒரு நோட்டுல எண்ணி எழுத ஆரம்பிச்சேன். முதல் நாள் விரல் பிரிஞ்சது மூணு தடவை. ஒரு வாரம் கழிச்சுப் பதினொண்ணு! மோசமாயிட்டோம்னு விட்டுடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைச்சது. ஒரு சிஸ்டத்துல புதுசா லாக் போட்டா எர்ரர் கூடின மாதிரி தெரியும். உண்மையில கூடியிருக்காது, முன்னாடி நம்ம கண்ணுக்குப் படல, அவ்வளவுதான்.

விரல் ஏன் இவ்வளவு நுட்பமா உணருதுன்னு தேடினப்ப வைல்டர் பென்ஃபீல்ட் பத்திப் படிச்சேன். மாண்ட்ரியல்ல 1930கள்ல, விழிச்சிருந்த நோயாளிகளோட மூளையை மின்சாரத்தால தூண்டிப் பார்த்து வரைபடம் போட்ட அறுவை நிபுணர். அந்தப் படத்துல முதுகு மொத்தத்துக்கும் கொஞ்சூண்டு இடம், கைவிரல்களுக்கு ஒரு பெரிய பேட்டையே இருக்கு.

ஒரு விஷயம் சொல்லிடறேன். இந்த விரலை அழுத்தினா சர்க்கரை இறங்கும், அந்த விரலை மடக்கினா தைராய்டு சரியாகும்னு வாட்ஸ்அப்ல வரும். அதை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க. 15ஆம் நூற்றாண்டு ஹடயோகப் பிரதீபிகையில பத்து முத்திரை சொல்லியிருக்கு, அதுல ஒண்ணு கூட விரல் முத்திரை இல்ல. எல்லாமே மூச்சு, வயிறு, நாக்குன்னு உடம்போட வேலை.

எனக்குக் கை நடுக்கம் முழுசா போயிடுச்சான்னு கேட்டா, இல்ல. ஆனா ப்ரொடக்‌ஷன்ல எண்டர் தட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு விரலையும் சேர்த்து மூணு மூச்சு விடறேன். அதுக்குள்ள எந்த டெர்மினல்ல இருக்கேன்னு கண்ணு ஒருதடவை பார்த்துடும்.

போன மாசம் வீடியோ கால்ல ரிலீஸ் தேதி பத்திப் பெரிய வாக்குவாதம். என்னையறியாம கை முத்திரைக்குப் போயிடுச்சு, கேமராவுக்கு நேரா. நம்ம ஊர்ல 'சூப்பர்'னு காட்டுற கையும் அதேதானே? மேனேஜர் பார்த்துட்டு, "பாருங்க, இவரே ஓகே சொல்லிட்டார், வெள்ளிக்கிழமை போயிடலாம்"னு முடிச்சுட்டார்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணோம். எண்டர் தட்டினது நான்தான்.