நீரிழிவும் நமது மலைநாட்டு வாழ்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் சமயத்தைப் பற்றியும் மொழியைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் உடம்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். உடம்பைப் பேணுவதும் சமய நெறியே என்று திருமூலர் காட்டியிருக்கிறார். வள்ளுவப் பெருந்தகையோ, 'மருந்து' என்று ஓர் அதிகாரத்துக்குப் பெயர் சூட்டிவிட்டு, அதிலே பெரும்பகுதியும் உண்ணும் முறையைப் பற்றியே பேசுகிறார். அந்தத் துணிவோடு, நம் லயங்களுக்குள் ஓசையின்றி நுழைந்து வரும் நீரிழிவு நோயைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

"நீரிழிவா? அது கொழும்பிலே நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர்களுடைய வியாதியல்லவா? மலை ஏறி இறங்கும் எங்களுக்கு அது ஏன் வரப்போகிறது?" என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது. 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் ஓர் ஆய்வு நடந்தது. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக அது கண்டது. நகரங்களில் அத்தொகை 16 ஆகவும், கிராமப்புறங்களில் 9க்குச் சற்றுக் குறைவாகவும் இருந்தது. நோய் கண்டவர்களில் மூவரில் ஒருவருக்கு, தமக்கு நோய் இருப்பதே அதுவரை தெரியாது!

உடல் உழைப்பு இந்நோயைத் தள்ளி நிறுத்துகிறது என்பது உண்மை. நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் வயிற்றிலே சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அது குறைந்தாலும், அதன் சொல்லைத் தசைகள் கேளாமற் போனாலும் சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது. ஆனால் உழைக்கும் தசையோ, இன்சுலினை எதிர்பாராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ள வல்லது. முதுகிலே கொழுந்துக் கூடையுடன் நாள் முழுதும் மலையேறிய நம் பாட்டிமாருக்கு அந்த ஏற்றமே காவலாக இருந்தது.

ஆனால் இன்று மலையேறுபவர் எத்தனை பேர்? நம் வாலிபர்கள் கொழும்பிலும் கண்டியிலும் கடைகளில் நிற்கிறார்கள். முச்சக்கர வண்டி ஓட்டுகிறார்கள். படித்தவர்கள் காரியாலயங்களில் அமர்கிறார்கள். இவை நல்ல முன்னேற்றமே. வேண்டாம் என்று சொல்வாரில்லை. வயது முதிர்ந்து கூடையை இறக்கி வைத்த தாய்மாரும் லயத்து வாசலோடு நின்றுவிடுகிறார்கள். ஆயினும் அடுப்படியில் மாற்றம் உண்டா? காலையிலே கோதுமை மா ரொட்டி, பகலிலே ரொட்டி அல்லது வெள்ளைச் சோறு, இடையிடையே சீனி கரைத்த தேநீர். மலையை விட்டு இறங்கினோம்; மலைக்காக உண்ட உணவை மட்டும் விட்டோமில்லை. ஆபத்து இங்கேதான் பிறக்கிறது.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். தாயின் வயிற்றில் போதிய ஊட்டமின்றி, எடை குறைந்து பிறந்த குழந்தைக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு அதிகம் என்று வைத்திய உலகம் கண்டிருக்கிறது. 1944, 1945ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்து தேசத்தில் கடும் பஞ்சம் ஏற்பட்டது. அப்போது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, சர்க்கரையைக் கையாளும் சக்தி அவர்களிடம் குன்றியிருந்தது. நமது நாட்டிலே எடை குறைந்த குழந்தைகள் அதிகமாகப் பிறப்பது தோட்டப்புறத்தில்தான். ஆகவே, கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு முட்டையும் ஒரு பிடி கீரையும் சேர்த்துக் கொடுப்பது, ஐம்பது ஆண்டுக்குப் பின் வரக்கூடிய நோய்க்கு இன்றே அணை போடுவதாகும். வீட்டிலே எல்லோரும் உண்ட பிறகு மிஞ்சியதைத் தாய் உண்ணும் வழக்கத்தை நாம் மாற்ற வேண்டாமா?

இந்நோயைத் தடுக்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று உண்டு. அமெரிக்காவில் நோயின் வாசலில் நின்ற 3,234 பேரை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 2002இல் வெளிவந்தது. உணவைத் திருத்தி, வாரத்துக்கு 150 நிமிடம் நடந்து, எடையைக் குறைக்க முயன்றவர்களிடம் நோய் வரும் அளவு நூற்றுக்கு 58 பங்கு குறைந்தது. மாத்திரை உண்டவர்களிடம் குறைந்தது 31 பங்குதான். "அது வெள்ளைக்காரர் நாடு" என்பீர்களானால், சென்னையைப் பாருங்கள். வைத்தியர் இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 531 பேரிடம் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. வழக்கம்போல் வாழ்ந்தவர்களில், மூன்று ஆண்டுகளில் நூற்றுக்கு 55 பேர் நோயாளியாயினர். உணவைத் திருத்தி நடந்தவர்களில் 39 பேரே நோயாளியாயினர். அவர்களும் நம்மைப் போன்றவர்களே; பெருத்த உடம்பினர் அல்லர். நம் இனத்தாருக்கு உடம்பு பருக்காமலே இந்நோய் வரும். ஆண்களுக்கு இடுப்பளவு 90 சென்றிமீற்றரையும், பெண்களுக்கு 80ஐயும் தாண்டினால் எச்சரிக்கை கொள்ள வேண்டும்.

இது புதிய ஞானமும் அன்று. மதுமேகம் கண்ட ஏழை, செருப்பும் குடையும் இன்றி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும் என்று பண்டை வைத்தியராகிய சுசுருதர் விதித்திருக்கிறார். (நோயுள்ளவர் இன்று வெறுங்காலோடு நடக்கலாகாது, உணர்ச்சி குன்றிய காலில் பட்ட காயம் காலையே வாங்கிவிடும்.)

சரி, நாம் செய்யக் கூடியது என்ன?

முதலாவது, சீனி. ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். நாளுக்கு ஐந்து கோப்பை, கோப்பைக்கு இரண்டு கரண்டி என்றால் 40 கிராம் ஆயிற்று. 25 கிராமுக்குள் நிற்பது நலம் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். உலகமே புகழும் தேயிலையை விளைவிக்கும் நாம், அதன் சுவையைச் சீனியிலே மூழ்கடிக்கலாமா? மாதத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு தானே பழகிவிடும். சோடாப் போத்தலிலே ஒட்டிய வர்ண அடையாளத்தையும் பாருங்கள். சீனி அதிகமானதற்குச் சிவப்பு அடையாளம் இட வேண்டுமென 2016இல் நம் நாட்டில் சட்டம் வந்தது.

இரண்டாவது, தட்டு. நுவரெலியாவில் விளையும் கரட்டும் கோவாவும் லீக்ஸும் லொறி ஏறிக் கொழும்புக்குப் போகின்றன. விளைவித்தவன் வீட்டிலே ரொட்டியும் சம்பலும்! தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு பருப்பு, கடலை, மீன் அல்லது முட்டை, கால் பங்கு சோறோ ரொட்டியோ இருக்கட்டும். ரொட்டி மாவில் பாதிக்குக் குரக்கன் மாவைச் சேர்க்கலாம். லயத்துப் பக்கத்துத் துண்டு நிலத்தில் கீரை போடலாம். வாங்கும் சம்பளத்தில் இதற்கெல்லாம் வழி ஏது என்பீர்கள். அந்தக் குறை பெரியது. அதற்காகக் குரல் கொடுப்பதும் நம் கடமையே. ஆயினும் சீனியையும் சோடாவையும் குறைப்பதற்குச் செலவில்லை. மிஞ்சும் காசு கடலைக்கு ஆகும்.

மூன்றாவது, நடை. சந்தியிலிருந்து லயம் வரை ஆட்டோ ஏறாதீர்கள். நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக நடக்க நமக்கு மைதானம் வேண்டாம். இறைவன் மலையையே தந்திருக்கிறான்.

நான்காவது, சோதனை. அரசாங்கம் 2011 முதல் அமைத்து வரும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நடுத்தர வயதினருக்கு இரத்தச் சோதனை இலவசம். ஏற்கெனவே நோயுள்ளவர்கள் வைத்தியர் கொடுத்த மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

வாலிப நண்பர்களே! நம் வெள்ளிக்கிழமைப் பஜனையில் இனிப்புக்குப் பதிலாகக் கடலைச் சுண்டலை நிவேதனம் செய்வோம்; ஆண்டவன் குறை சொல்ல மாட்டான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லயத்துக்கு இருவராகச் சென்று, பெற்றோரைச் சோதனைக்கு அழைத்துப் போவோம். மலையைத் திருத்திப் பொன் விளையச் செய்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் மக்கள் கண்ணும் காலும் இழந்து வாடாமற் காப்பது இச்சங்கத்தின் தொண்டாகட்டும்.

வாழ்க சங்கம்! வளர்க நம் மக்கள்!